விட்டுப்போனவர் ஒருவர் தேவை

முந்திரி ஓடு எரியும் புகை மூக்கில் தங்குவதில்லை. நேரே தொண்டைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் தஞ்சாவூர் ரோட்டில் பஸ் மெதுவாகப் போனபோது ஜன்னல் வழியே அந்தப் புகை வந்தது. ரோட்டோரத் தகரக் கொட்டகையில் பெண்கள் கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் ஆளாளுக்குத் துண்டையும் முந்தானையையும் முகத்தில் வைத்துக்கொண்டார்கள். நான் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இருமலோடு ஒரு பங்குனி மாதம் திரும்பி வந்தது. வெயில், செம்மண், தைலமரங்களின் கிழிந்த நிழல், ஆலங்குடி பஸ்ஸின் சூடேறிய சீட், யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நான் நின்ற நிற்பு.

அந்த வருஷம் எனக்கு அதுதான் வேலை, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. எழுதுகிறவளுக்கு எழுத்து மட்டும் போதாத காலம் வரும். அப்போது மொழிபெயர்ப்பாள், பிழை திருத்துவாள், யாராவது கூப்பிட்டால் களப்பணிக்கும் போவாள். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை கூப்பிட்டார். என்னைவிட வயதில் இளையவர், என்னைவிடக் களைப்பில்லாதவர். லாபத்துக்கு மட்டுமில்லாமல் ஊர்ப் பெண்களின் பிழைப்புக்காகவும் நடக்கிற நிறுவனங்களைப் பற்றி ஆராய்ச்சி. அவருடைய தாளில் அதற்குச் சமூக நிறுவனம் என்று பெயர். ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் அந்தப் பெண்கள் நடத்திய முந்திரிக் கொட்டகைக்கு ஊரில் ஒரே பெயர்தான், கம்பெனி.

“எத்தனை பேருங்கறது முக்கியமில்லை,” என்று பேராசிரியை போனில் சொன்னார். “வேற வேற மாதிரி ஆளுங்க வேணும். ஆரம்பத்துலேர்ந்து இருக்கறவங்க, புதுசா வந்தவங்க, சேரவே சேராதவங்க, சேர்ந்துட்டு விட்டுப்போனவங்க. யாரு கிட்ட பேசறோம்கறதுலயே பாதி ஆராய்ச்சி இருக்கு. நல்லாப் பேசறவங்களா மட்டும் எடுத்துடாதீங்க, ப்ளீஸ்.”

“சரிங்க மேடம்,” என்றேன். அவரை நான் மேடம் என்பேன். கொட்டகையில் என்னை மேடம் என்பார்கள். இந்த இரண்டு மேடத்துக்கும் நடுவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள் யாரென்று சில சாயங்காலங்களில் எனக்கே தெரியாது.

கம்பெனியின் தலைவிக்கு என் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்தாமலேயே பேசக் கூடியவர். நான் விஷயத்தைச் சொன்னதும், “நீங்க இந்த வெயில்ல வீடு வீடா அலைய வேணாம் மேடம். யாரு யாரு பேசுறதுன்னு நாங்க கூடி முடிவு பண்ணி வச்சிர்றோம். அடுத்த வாரம் வாங்க,” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. முழங்கால் வலிக்கிறவளுக்கு எந்த உதவியும் நல்ல உதவிதான்.

அடுத்த வாரம் போனேன். கொட்டகை வாசலில் பெண்கள் நின்றார்கள். வேலைக்குக் கட்டுகிற பழைய சேலை இல்லை, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. தலையில் கீரமங்கலத்துப் பூ. முந்திரி ஓட்டின் காரப் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்களில் மோதிரம். ஒருத்தி பின்னால் ஒருத்தி நின்றதில் ஏதோ ஒரு ஒழுங்கு இருந்தது. கேட்டேன்.

“நாலு ஊருக்கும் இதுல பங்கு இருக்குல்ல,” என்றார் தலைவி. “திருவிழாவுல எந்த வரிசையில திருநீறு வாங்குறோமோ அந்த வரிசையில நிக்கிறோம். நாளைக்கி யாரும் ஒரு பேச்சு பேசிரக் கூடாது பாருங்க.”

“பேட்டிக்கு வரிசையெல்லாம் வேணாங்க. வேற வேற மாதிரி ஆளு வேணும், அவ்வளவுதான்.”

“வேற வேற மாதிரிதான் இருக்கோம். இவ கறுப்பு, அவ செவப்பு, இந்தா இவளுக்குக் காது கேக்காது.”

“எனக்கா காது கேக்காது?” என்றாள் அந்த ஒருத்தி. வரிசை குலுங்கியது.

பேசியவர்களுக்கு நன்றியாகக் கொடுக்கச் சொல்லிப் பேராசிரியை கைத்தறித் துண்டுகள் அனுப்பியிருந்தார். அதைக் கொண்டுபோனதுதான் கோளாறு. முதல் பெண் பேசி முடித்ததும் துண்டைக் கையில் கொடுத்தேன். தலைவி அதை வாங்கி, உதறி விரித்து, அவள் தோளில் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு அது பேட்டியாக இருப்பது நின்று மரியாதையாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் மரியாதை என்றால் விளையாட்டு இல்லை. ஒரு வருஷம் வரிசை மாறியதற்கு ஒன்பது வருஷம் தேர் ஓடாத ஊர்கள் உண்டு. இரண்டாவது ஊர்க்காரி துண்டை வாங்கியதும் முதல் ஊர்க்காரியின் துண்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

“எங்க ஊருக்கு மட்டும் கரை சின்னதா இருக்கே.”

“ஒரே தறி ஆத்தா. வேணும்னா அளந்து பாரு.”

அளந்து பார்த்தார்கள். ஒன்றாகத்தான் இருந்தது. அப்புறமும் அவள் முகம் முழுசாகத் தெளியவில்லை.

ராத்திரிகளில் இல்லை, மத்தியானங்களில்தான் நான் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுவேன். திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வாசலில் டவுன் பஸ் திரும்பும்போதெல்லாம் ஒரு வாக்கியம் அடிபட்டுப் போகும். போனாலும் நஷ்டமில்லை, அடுத்த பெண் அதே வாக்கியத்தைச் சொல்வாள். கம்பெனி வந்த பிறகு நல்லா இருக்கோம். முந்தி வெளிய தெருவ போகமாட்டோம், இப்பப் போறோம். தலைவி ரொம்ப நல்லவங்க. நாலு ஊர்க் குரலும் ஒரே குரலாகக் காதில் ஓடும். பதிவை நிறுத்திய பிறகுதான் அவர்கள் மாமியாரைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் வெட்டு மிஷினில் மிதிக்கிற காலைப் பற்றியும் சொன்னார்கள். நிறுத்திய பிறகு சொன்னதை எழுதக் கூடாது. எழுதக் கூடாதவை எல்லாம் என்னோடு பஸ்ஸில் வந்தன, டிக்கெட் இல்லாமல்.

“எல்லாம் ஒரே ஆள் பேசின மாதிரி இருக்கு,” என்றார் பேராசிரியை. கோபமாகச் சொல்லவில்லை. “விட்டுப்போனவங்க ஒருத்தர் கெடைச்சாக்கூடப் போதும். ஒருத்தரை மட்டும் தேடிப் பாருங்களேன்.”

தலைவியிடம் கேட்டேன். சுடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டது தப்பான இடமோ என்னவோ.

“விட்டுட்டுப் போனவங்கன்னா?”

“சேர்ந்து வேலை பார்த்துட்டு, அப்புறம் நின்னுட்டவங்க.”

“அப்படி யாரும் இல்லையே மேடம்.”

தோல் உரிக்கிற வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண், தலையைத் தூக்காமலே, “கொளத்தங்கரை அக்கா?” என்றாள்.

“ஒனக்கு வாயி சும்மா இருக்காதா,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வெட்டு மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தலைவி திரும்பி, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் இன்னும் கொஞ்சம் முந்திரி ஓட்டை அள்ளிப் போட்டார். புகை எல்லோர் கண்ணுக்கும் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் அந்தச் சின்னப் பெண்ணும் நின்றாள். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கம்பெனியைத் தொடங்கியவர்கள் ஐந்து பெண்கள். தலைவி ஒருத்தி, குளத்தங்கரை வீட்டுக்காரி ஒருத்தி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்கிற உறவு. பருப்பைத் தரம் பிரிக்கிற மேஜை முழுக்கக் குளத்தங்கரைக்காரியின் பொறுப்பு. ஒவ்வொரு விசேஷத்திலும் குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் இந்த ஐந்து பேர்தான் ஏற்றுவார்கள். போன தை மாதம் புது அடுப்பைத் திறந்து வைக்க ஒரு அதிகாரி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் மனைவியையும் கூட்டி வந்துவிட்டார். அந்த அம்மாவுக்கும் விளக்கில் ஒரு முகம் விட வேண்டியதாகிவிட்டது. தலைவி திரும்பிப் பார்த்து, கையருகில் நின்ற மதினியிடம், “நீ போயி பாயசத்தைப் பாரு,” என்று சொல்லிவிட்டார்.

“பாயசத்தை எல்லாருக்கும் ஊத்துனாங்க. அண்டாவைக் கழுவிக் கவுத்தாங்க. போனாங்க. அதோட சரி,” என்றாள் அந்தப் பெண்.

“யாரும் போய்க் கூப்பிடலையா?”

“போயி கூப்பிட்டாத் தலைவி செஞ்சது தப்புன்னு ஆயிரும்ல. கூப்பிடாம அவங்க எப்படி வருவாங்க?” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “சித்திரையில மகாசபைக் கூட்டம் வருது. அதுக்கும் வரலைன்னா பங்கைத் திருப்பிக் குடுத்து ஆளைக் கழிச்சிருவாங்களாம். அப்படித்தான் விதியாம். அதுக்கப்புறம் கூப்பிட்டாலும் வர முடியாது.”

எனக்கு ஒரு நிம்மதி வந்தது, சொன்னால் அசிங்கம், ஆனால் வந்தது. விட்டுப்போனவர் ஒருவர் கிடைத்துவிட்டார்.

மறுநாள் குளத்தங்கரைக்கு நடந்தேன். தென்னந்தோப்புக்குள் மட்டைகள் கிடந்தபடி கிடந்தன. கரை மேட்டில் தனியாக ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் நிலக்கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். ஒல்லி, நிமிர்ந்த முதுகு. பையையும் என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்,

“கம்பெனியிலேர்ந்தா?” என்றார்.

“ஆமாங்க, அங்கிருந்துதான் வாரேன்.”

அவ்வளவுதான். என் பேச்சில் ஊரின் வாடை ஒட்டத் தொடங்கியிருந்த நாட்கள். உள்ளே போனார். நாற்காலி வந்தது. தண்ணீர் வந்தது. உள்ளே டம்ளர்கள் உரசின, அடுப்பு பற்றியது, டீ கொதிக்கும் வாசனை. டீயோடு வெளியே வந்தபோது வேறு சேலை கட்டியிருந்தார். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தார். எதிரே கீழே உட்காரவில்லை, நிலையில் சாய்ந்து நின்றார்.

“ஒங்களை அனுப்பிச்சாங்களாக்கும். அவங்களுக்குக் கால் வலிக்குதோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது, தலைவி கூப்பிட அனுப்பிய ஆள் என்று என்னை நினைத்திருக்கிறார். டீ டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்க முடியவில்லை. வைத்தால் இந்த வீட்டுத் தரையில் ஏதோ ஒன்று உடைந்துவிடும் போலிருந்தது.

“இல்லைங்க. அவங்க அனுப்பலை. நானாத்தான் வந்தேன்.” ஆராய்ச்சியைச் சொன்னேன். எல்லா வகை ஆட்களிடமும் பேச வேண்டியிருப்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் நோட்டீஸ் படிக்கிறவன் குரல் போல ஆனது. “சேர்ந்திருந்துட்டு விட்டுப்போனவங்க கிட்டயும்…”

“யாரு விட்டுப்போனா?”

நான் டம்ளரைக் கை மாற்றிப் பிடித்தேன்.

“நான் போகாம இருக்கேன். விட்டுட்டுப் போகலை. போகாம இருக்கிறது வேற.” குரல் உயரவே இல்லை. “மாப்பிள்ளை வீட்டுக்காரன் கோவிச்சுக்கிட்டு வெளிய நிக்கிறான்னா கல்யாணத்தை விட்டுட்டானா? நிக்கிறான். அம்புட்டுத்தான்.”

“நீங்க சொல்றதை அப்படியே எழுதிக்கிறேங்க. பேரு வராது.”

“பேரு என்ன பேரு. இந்தக் கம்பெனியில போனவன்னு ஒருத்தியை எழுதுனா அது யாருன்னு நாலு ஊருக்கும் தெரியும். நீங்க எழுதிட்டீங்கன்னா நான் போனவளா ஆயிருவேன். கூட்டத்துல எடுத்து நீட்டுவாங்க, இந்தா எழுதியே குடுத்துட்டான்னு.” கடலைப் பக்கமாக வந்த கோழியை விரட்டினார். “டீயைக் குடிங்க. டீக்கு ஒண்ணும் இல்லை.”

குடித்தேன். இஞ்சி போட்டிருந்தார். கம்பெனிக்காரிக்கு என்று போட்ட இஞ்சி.

கிளம்பும்போது, “டீக்கடையில கேட்டா இங்கே வந்துட்டுப் போறேன்னு சொல்லாதீங்க,” என்றார். டீக்கடையில்தான் வழி கேட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் பேராசிரியையிடம் போனில் பேசினேன். அவர் உற்சாகமாகிவிட்டார். “விட்டுப்போகலைன்னு சொல்றாங்களா? அதுவே பெரிய விஷயமாச்சே. அதையே பதிவு பண்ண முடியுமான்னு பாருங்க.” நெட்வொர்க் போய்விட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். நெட்வொர்க் இருந்தது. எனக்குத்தான் எதுவும் இல்லை. ஆட்களை வகைப்படுத்துவது கூடத்தைப் பெருக்குவது மாதிரி சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன். ஒரு மூலையில் இன்னார், ஒரு மூலையில் இன்னார். வாசற்படியில் நிற்கிறவளை எந்த மூலைக்குத் தள்ளுவது? தள்ளாமல் விட்டால் சித்திரை வந்து தள்ளிவிடும்.

அடுத்த நாள் நான் போய் இறங்குவதற்கு முன்பே தலைவிக்குத் தெரிந்திருந்தது. டீக்கடைக்காரருக்கு வேறென்ன வேலை.

“எங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டீங்களே மேடம்.”

“கேட்டேங்க. யாரும் இல்லைன்னீங்க.”

“இல்லைதானே. நாங்க யாரையும் வெளிய அனுப்பலையே.” தரம் பிரிக்கிற மேஜையைத் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது அங்கே இரண்டு புதுப் பெண்கள் உட்கார்ந்து முழுப்பருப்பையும் உடைந்ததையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். “என்ன சொன்னா?”

“எதுவும் சொல்லலைங்க. விட்டுட்டுப் போகலைன்னு மட்டும் சொன்னாங்க.”

தலைவி துடைப்பதை நிறுத்தவில்லை. “சேலை மாத்துனாளா?” என்றார்.

“ம்.”

“மாத்தியிருப்பா.” புதுப் பெண்களைப் பார்த்து, “ஏண்டி, பொடியை எடுத்து முழுசுல போடுறியே, கண்ணு எங்க இருக்கு,” என்று கத்தினார். அப்புறம் என்னைக் கொட்டகைக்கு வெளியே கூட்டிப் போனார். “ஒண்ணு செய்யலாம். ஒங்க பேட்டிக்கு எங்க ஆளுகள்ல ஒருத்தியா அவளைக் கூப்பிடுங்க. எடம் நம்ம ஷெட்டு. கூப்பிட்டது நீங்க. நாங்க கூப்பிடலை. வந்துட்டா வந்ததுதானே.”

யோசித்தேன். விட்டுப்போனவர் வேண்டும் என்று சென்னை கேட்கிறது. இருப்பவராகக் கூப்பிட்டால் அந்த வகை காலி. ஆராய்ச்சிக்காரர்கள் களத்தில் கை வைக்கக் கூடாது என்று பேராசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். எல்லாம் தெரிந்தும், “சரி, போவோம்,” என்றேன். கொள்கையெல்லாம் மத்தியான வெயிலில் நிற்க முடியாமல் எங்கேயோ நிழலுக்குப் போயிருந்தது.

தலைவி ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் குளத்து மேட்டுக்குக் கீழே, வேலி மறைவில் நிறுத்தினார். “நான் இங்கிட்டே நிக்கிறேன். நான் வந்ததைச் சொல்ல வேணாம்.” இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் நின்றது போலாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மேட்டில் ஏறினேன். இந்த முறை நாற்காலி வரவில்லை. கடலை மூட்டையாகிவிட்டிருந்தது. அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“போனவங்கன்னு எழுதலைங்க. அதை விட்டாச்சு. கம்பெனியில வேலை பார்க்கிறவங்கள்ல ஒருத்தராப் பேச வாங்க. ஷெட்டுல வச்சுப் பேசுவோம்.”

“யாரு கூப்பிடுறா?”

“நான்தாங்க.”

“நீங்க யாரு?”

கேலியில்லை, கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.  எத்தனையோ வாசல்களில் என்னை நானே அறிமுகம் செய்துகொண்டவள், அன்று பையின் வாரைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். “நீங்க வாரீங்க, போவீங்க. ஒங்களுக்காக நான் அந்தப் படி ஏறுனா ஒங்க வேலைக்கு ஏறுனதாத்தான் ஆகும். அங்கே எத்தனாவது ஆளாப் பேச வைப்பீங்க? ஊரு வரிசையிலே எங்க ஊருக்காரி ஏற்கெனவே துண்டு வாங்கிட்டாளாமே.”

“அதெல்லாம் எப்படித் தெரியும்?”

“தெரியும்.” சின்னதாகச் சிரித்தார். பிறகு காது கொடுத்துக் கேட்டார். மேட்டுக்குக் கீழே ஸ்கூட்டி இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாததில்லை. எத்தனை வருஷம் அதன் பின் சீட்டில் பருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆலங்குடிக்குப் போய் வந்தவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சேலை மாற்றப் போகவில்லை. “வாங்க, ரோடு வரைக்கும் வந்து விடுறேன்,” என்றார்.

இறங்கினோம். வேலி திரும்பியதும் இரண்டு பேரும் நேருக்கு நேர். தலைவி பார்வையை வண்டிக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டார். என்னால் முடிந்தது, நடுவில் நிற்காமல் ஓரமாகப் போய் நின்றேன்.

“வண்டி வேற மாதிரி சத்தம் போடுது,” என்றார் குளத்தங்கரைக்காரி, வண்டியிடம் சொல்வது போல.

“பெல்ட்டு போச்சு. மாத்தணும்.”

“அப்படியே ஓட்டுனா நடுரோட்டுல நிக்கும்.”

“நிக்கட்டும். தள்ளிவிட யாரு இருக்கா.”

தோப்பில் எங்கோ தேங்காய் ஒன்று விழுந்தது. யாரும் திரும்பவில்லை. தலைவி இஞ்சினை அணைத்தார். அணைத்ததும் மத்தியானம் சட்டென்று பெரியதாகிவிட்டது. புகை நாற்றம் தலைவியின் சேலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இவரிடம் கடலை மண் வாசனை. இரண்டுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை.

“திங்கக்கெழமை புதுக் கொட்டை லோடு எறங்குது,” என்றார் தலைவி.

“எறங்குனா?”

“எறங்குனா வேலை கெடக்கும். இந்தப் புதுப் புள்ளைக ரெண்டும் முழுசையும் பொடியையும் ஒண்ணாக் கொட்டுதுக. டவுன் யாவாரி போன தடவை மூட்டையைத் திருப்பிட்டான்.” கைப்பிடியை ஒருமுறை முறுக்கி விட்டார். “நான் வந்திருக்கேன் மதினி.”

குளத்தங்கரைக்காரி தலைவியின் தோளில் ஒட்டியிருந்த பருப்புத் தோலைப் பார்த்தார். தட்டிவிடவில்லை.

“விளக்கு?”

“நீதான் மொதல்ல. மகாசபையில.”

“பாப்போம்,” என்றார்.

அந்தப் பாப்போமுக்கு என்ன அர்த்தம் என்று தேட நான் இன்றுவரை முயன்றதில்லை. எனக்கு அன்றைக்கு உட்கார ஒரு இடம் வேண்டியிருந்தது, ஸ்கூட்டியின் பின்சீட் இருந்தது. சென்னைக்கு என்ன சொல்வது, அந்த வகையில் ஆள் கிடைக்கவில்லை என்றா, அப்படி ஒரு வகையே இங்கே இல்லை என்றா, யோசிக்கவும் தெம்பில்லை. தலைவி ஸ்டார்ட் செய்தார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை இரைந்து கிளம்பியது. குளத்தங்கரைக்காரி இரண்டு எட்டு முன்னால் வந்து, என் முழங்கையைத் தொட்டு, தலைவிக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

“போயிட்டு வாங்க மேடம். என்னை எதுலயும் சேத்து எழுதிப்புடாதீங்க.”